வண்டி நின்றால் குளிரும் நிற்கிறது: பழைய பிக்கப் ஏசி பற்றி ஒரு கேள்வி

கேள்வி: அண்ணா, எனக்கு உடுமலை. 2011 மாடல் டீசல் பிக்கப் ஓட்டுகிறேன், கம்பெனியிலேயே ஏசி வைத்து வந்த வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றிப் பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய் இறக்குவேன். காலையில் ஏசி பரவாயில்லை, வெயில் ஏறினால் சுத்தமாக எடுபடுவதில்லை. ரோட்டில் ஓடும்போது கொஞ்சம் குளிரும். மார்க்கெட் வாசலிலோ செக்போஸ்டிலோ நின்றால் வெறும் காற்றுதான். ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை கேஸ் போட்டாயிற்று. போட்டதும் இரண்டு மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். கேஸ் போட்ட புதிதில் வண்டி நிற்கும்போது 'டக்' என்று கட் ஆகி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிடிக்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. கடைசியாகப் பார்த்த மெக்கானிக் கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற 24,000 ஆகும் என்கிறார். மாற்றலாமா? கண்டென்ஸருக்கு ஒரு எக்ஸ்ட்ரா ஃபேன் வைத்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரிப்படுமா?

பதில்:

தம்பி, கம்ப்ரஸரை இப்போது மாற்றாதீர்கள். ஃபேன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கேஸ் போட்ட புதிதில் வண்டி நிற்கும்போது 'டக்' என்று கட் ஆகும், இப்போது இல்லை என்கிறீர்களே, அந்த வரி. ஏசி லைனில் பிரஷர் எல்லை மீறி ஏறினால் கம்ப்ரஸரை நிறுத்துவதற்கென்றே ஒரு ஸ்விட்ச் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஹை சைடு, அதாவது கம்ப்ரஸர் அமுக்கித் தள்ளுகிற பக்கம், 400 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) பக்கம் போனதும் அது கட் பண்ணிவிடும், இறங்கியதும் மறுபடி விடும். கேஸ் குறைந்தாலும் ஒரு கட் உண்டு. ஆனால் அது சட்டுச் சட்டென்று வேகமாக நடக்கும், ரேஸ் கொடுத்தால் இன்னும் அதிகமாகும், கேஸ் தீரத் தீர மோசமாகும். உங்களுக்கு நடந்தது நேர் எதிர். கேஸ் நிறைய இருந்தபோது, அதுவும் வண்டி நின்றபோது மட்டும் நடந்திருக்கிறது. ஆக, அது ஹை பிரஷர் கட்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். அந்த அளவுக்கு அமுக்கித் தள்ளுகிற கம்ப்ரஸரைப் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? உண்மையிலேயே தேய்ந்த கம்ப்ரஸருக்கு 200ஐத் தொடுவதே பெரும்பாடு.

என் கணிப்பு என்னவென்றால், உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எங்கோ லீக் இருக்கிறது. அதோடு, கண்டென்ஸரில், அதாவது கேஸின் சூட்டை வெளியே விடுவதற்கு ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஜாலியில் இருந்து, சூடு வெளியேற வழியில்லாமல் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கேஸ் போடுகிறவர், வண்டி நிற்கும்போது குளிரவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கூடுதலாக ஏற்றியிருப்பார். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற கண்டென்ஸரில் கேஸும் அதிகமானால் பிரஷர் எகிறும், கட் ஆகும். பிறகு லீக் வழியாகக் கொஞ்சம் போய், அளவு சரியாக இருக்கிற ஒரு சில வாரம் வரும். அதைத்தான் 'இரண்டு மாதம் நன்றாக இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேலும் போனதும் குளிர் போய்விடுகிறது. மூன்று தடவையும் இதே கதை. இரண்டு கோளாறையும் ஒரே கோளாறாக நினைத்துப் பார்த்தால் கம்ப்ரஸர் மேல்தான் பழி விழும், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிற பெரிய சாமான்.

முதலில் ஒன்று. ஏசி கேஸ் டீசல் போல ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் முன் சீல் வழியாகவும் துளித்துளியாகப் போவது உண்மைதான். அதனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்டிக்குக் கொஞ்சம் கேஸ் தேவைப்பட்டால் அது நியாயம். இரண்டு மாதத்தில் தீர்ந்தால் அது ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் நான்காவது தடவையும் போடச் சொன்னால் போடாதீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், சமையலுக்குக் குத்திப் பார்ப்பார்களே, அந்த ஊசி மாடல் போதும். அதை டேஷ்போர்டின் நடு வென்ட்டில் செருகிவிட்டு, கதவு, கண்ணாடி எல்லாம் மூடி, உள்காற்றே சுற்றுகிற மாதிரி வைத்து, ப்ளோயரை நடு வேகத்தில் விட்டு ஓட்டுங்கள். நல்ல மதிய வெயிலில் செய்ய வேண்டும். காலை ஆறு மணிக்குச் செய்தால் எல்லா வண்டியும் பாஸாகிவிடும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது ஓடுகிற வண்டியில் வென்ட் காற்று 8 முதல் 12 டிகிரி வந்தால் இந்த வயது வண்டிக்கு அருமை. நிறுத்தி ஐடியலில், அதாவது ரேஸ் கொடுக்காமல் என்ஜினை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடம் விடுங்கள். நாலைந்து டிகிரி ஏறுவது சகஜம். 20ஐத் தாண்டினால்தான் கோளாறு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் இதே ஏசி இரண்டு மூன்று டிகிரி கூடத்தான் காட்டும், காற்றில் இருக்கிற ஈரத்தைத் தண்ணீராக்கவே பாதிச் சக்தி போய்விடும். உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் பார்த்தால் அந்தக் கணக்கு தேவையில்லை.

இப்போது தண்ணீர்ச் சோதனை. வண்டியை ஐடியலில் நிறுத்தி, வென்ட் காற்று சூடாகும் வரை காத்திருங்கள். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, முன் கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் சொம்பால் மெல்ல ஊற்றுங்கள். ஆல்டர்நேட்டர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு நிமிடத்தில் தெர்மாமீட்டர் மளமளவென்று இறங்கினால், உங்கள் கம்ப்ரஸர், திரவமான கேஸை அளவாக விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வு, டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயில் மூன்றும் வேலை செய்கின்றன, சூடு வெளியேறுவதில்தான் கோளாறு என்று பொருள். பைசா செலவில்லை. ஒரு சிக்கல் உண்டு: கேஸ் அதிகமாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றினால் பிரஷர் இறங்கும், குளிர் வரும். ஆனால் உங்களுக்கு இப்போது 'டக்' சத்தம் நின்றுவிட்டதால் கேஸ் அதிகமாக இருக்க வாய்ப்பில்லை, குறைவாகத்தான் இருக்கும். ஊற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். கேஸ் ரொம்பவே குறைந்துவிட்டது என்றால் அப்படித்தான் இருக்கும். அளவாக நிரப்பிய பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்து கிரில்லைக் கழற்றுங்கள். கண்டென்ஸரின் முன்முகம் பளிச்சென்று இருக்கும், வாட்டர் சர்வீஸில் தண்ணீர் அடிப்பார்கள் இல்லையா. ஏமாந்துவிடாதீர்கள். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும், அங்கே மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நீங்கள் போகிற ரூட்டை வைத்தே சொல்கிறேன்: பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்த் தூசி, மார்க்கெட்டில் பறக்கிற சின்ன வெங்காயச் சருகு, ராத்திரி ஓட்டத்தில் அடிபட்ட பூச்சி, எல்லாம் சேர்ந்து ரேடியேட்டர் முகத்தில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். விரலால் உரித்தால் துண்டாகவே வரும். காற்று அங்கே நுழையவே முடியாது. ஓடும்போது எதிர்காற்று அதையும் மீறித் தள்ளுவதால் கொஞ்சம் குளிர்கிறது. நின்றால் ஃபேன் மட்டும்தான், அதால் முடியவில்லை. இதைச் சுத்தம் செய்ய ரேடியேட்டர் மேல் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும். என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது, ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடங்கிப் படுத்துவிடும். மடங்கிய ஃபின் வழியாகவும் காற்று போகாது, ஆக சுத்தம் செய்து கெடுத்த கதையாகிவிடும்.

ஃபேன். உங்கள் வண்டியில் பெல்ட்டில் சுற்றுகிற பெரிய ஃபேனா, கரண்ட் ஃபேனா, இரண்டுமா என்று எழுதவில்லை. பழைய டீசல் பிக்கப்களில் பெரும்பாலும், சூடு ஏறினால் ஃபேனை இறுக்கிப் பிடிக்கிற ஃபேன் கிளட்ச்சோடு பெல்ட் ஃபேன் இருக்கும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆஃப் செய்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். பிசுபிசுவென்று இறுக்கமாக, தள்ளிய இடத்திலேயே நின்றால் நல்லது. தள்ளியதும் விர்ரென்று இரண்டு மூன்று சுற்றுப் போனால் கிளட்ச் உள்ளே இருக்கிற சிலிகான் ஆயில் போய்விட்டது. கிளட்ச் மூக்கில் எண்ணெய்க் கறை ஓடியிருந்தாலும் அதே கதைதான். மார்க்கெட் வரிசையில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள்ளும் வழக்கத்தைவிட மேலே போகிறதா என்று கவனியுங்கள். போனால் ஏசியை விடுங்கள், என்ஜினுக்கே ஆபத்து. கரண்ட் ஃபேன் இருந்தால், ஏசி போட்டதும் அது சுற்ற வேண்டும். ஒரு நியூஸ் பேப்பர் தாளைக் கிரில் முன் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஃபேன் என்ஜின் ஆஃபில் இருக்கும்போதும் சில வண்டிகளில் தானாகச் சுற்றும், விரலை உள்ளே விடாதீர்கள். ஃபேன் மூடி, அதாவது ரேடியேட்டரைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் கூண்டு, உடைந்ததால் கழற்றிப் போட்டுவிட்டார்களா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் ஃபேன் தன்னைச் சுற்றி இருக்கிற காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் முடித்துவிட்டுப் பிரஷர் கேஜ் மாட்டுகிற கடைக்குப் போங்கள். கேஜ் மாட்டாமல் கையை வென்ட்டில் வைத்துப் பார்த்துக் கேஸ் குறைவு என்று சொல்கிற இடத்தில் நிற்காதீர்கள். என்ஜின் ஆஃபில் கேஜ் காட்டுகிற எண்ணை வைத்தும் ஏமாறக் கூடாது. உங்கள் வண்டியில் இருப்பது ஆர்134ஏ என்கிற கேஸ். 35 டிகிரி வெயிலில் நிற்கிற வண்டியில் அது இரண்டு பக்கமும் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதே 114தான், 600 கிராம் இருந்தாலும் அதே 114தான், கொஞ்சமாவது திரவமாக இருக்கிற வரை. ஆகவே 'பிரஷர் நன்றாக இருக்கிறது, கேஸ் ஃபுல்' என்று ஆஃபில் பார்த்துச் சொன்னால் அது பேச்சே இல்லை. ஆனால் அந்த எண் வெயிலுக்குப் பொருந்தாமல் 130, 140 என்று மேலே நின்றால் உள்ளே காற்று கலந்திருக்கிறது, வேக்கம் போடாமல், அதாவது லைனில் இருக்கிற காற்றை பம்பால் உறிஞ்சி எடுக்காமல், கேஸ் அடித்திருக்கிறார்கள். அப்போது முழுக்க எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஓடவிட்டுப் பார்க்கும்போது 1,500 ஆர்பிஎம் பிடித்து, கதவைத் திறந்து வைத்து, ப்ளோயர் முழு வேகத்தில் பார்ப்பது வழக்கம். வெளியே 38 டிகிரி என்றால் லோ சைடு, அதாவது கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்புகிற பக்கம், 35 முதல் 45, ஹை சைடு 220 முதல் 260 பிஎஸ்ஐக்குள் வந்தால் ஆரோக்கியம். எண்ணைச் சும்மா பார்க்காமல் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஹை சைடு 235 என்றால் கண்டென்ஸருக்குள் கேஸ் சுமார் 60 டிகிரியில் திரவமாகிறது. லோ சைடு 28 என்றால் கூலிங் காயிலில் கேஸ் 0 டிகிரியில் கொதிக்கிறது, 45 என்றால் 10 டிகிரியில். லோ சைடு ஏற ஏறக் குளிர் குறைவது அதனால்தான்.

உங்கள் மெக்கானிக்கிடம் இரண்டு தடவை எண் குறிக்கச் சொல்லுங்கள்: ஐடியலில் பத்து நிமிடம் நின்ற பிறகு ஒன்று, 1,500இல் ஒன்று. கேஸ் சரியான அளவு இருக்கும்போது, ஐடியலில் லோ 55, ஹை 330 என்று இரண்டும் ஏறி நின்று, தண்ணீர் ஊற்றினதும் சரிந்தால் நான் சொன்ன முன்பக்கக் கோளாறு நிரூபணம். லோவும் ஹையும் இரண்டும் குறைவென்றால் கேஸ் பற்றாக்குறை. லோ சைடு வேக்கம் பக்கம் இறங்கி ஹையும் ஏறாமல் இருந்தால் எங்கோ அடைப்பு, பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது லைனில் ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையர். ட்ரையரைக் கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும். உள்ளே போகிற பைப் சூடாகவும் வெளியே வருகிறது ஜில்லென்றும் இருந்தால் அது அடைத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்ரஸரிலிருந்து கண்டென்ஸருக்குப் போகிற பைப்பை மட்டும் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

கம்ப்ரஸர் போய்விட்டது என்று எந்த எண்ணைப் பார்த்தால் நான் ஒத்துக்கொள்வேன்? எடை பார்த்துச் சரியாக நிரப்பிய கேஸோடு, லோ 65, ஹை 140 என்று இரண்டும் நெருங்கி நிற்க வேண்டும். ரேஸ் கொடுத்தால் லேசாகப் பிரிந்து, விட்டதும் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதோடு கம்ப்ரஸர் கிளட்ச், அதாவது கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு காந்தத்தால் சேர்க்கிற தட்டு, வழுக்காமல் முழுதாகப் பிடித்திருக்கிறது என்றும் பார்த்திருக்க வேண்டும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பழைய கம்ப்ரஸரில் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே இருக்கிற சந்து தேய்ந்து அகலமாகிவிடும். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர் ஆனால், குளிர்ந்த காலையில் பிடிக்கும், மதியச் சூட்டில் கிளட்ச் காயிலின் காந்த சக்தி குறைந்ததும் விட்டுவிடும். புல்லி சுற்றும், நடுத்தட்டு நின்றுவிடும். காலையில் நன்றாக, பகலில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஏசி போய்விட்ட நேரத்தில் பானெட்டைத் தூக்கி, புல்லியின் நடுத்தட்டு சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். தட்டின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தாலோ, சுற்றிலும் செம்மண் நிறத்தில் இரும்புத்தூள் தெறித்திருந்தாலோ வழுக்கியிருக்கிறது. உள்ளே இருக்கிற மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டுச் சந்தைக் குறைத்தால் பல கம்ப்ரஸர்கள் இன்னும் வருடக்கணக்கில் ஓடும். கிளட்ச் ஒயரில் வருகிற வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வந்து, இங்கே 11க்குக் கீழ் வந்தால் ரிலே அல்லது எர்த் கோளாறு.

லீக்குக்கு வருவோம். கேஸ் தனியாகப் போகாது, கம்ப்ரஸர் ஆயிலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அந்த ஆயிலில் தூசி ஒட்டும். அதனால் எந்த ஜாயின்ட்டில் கறுப்பாக ஈரமாக ஒரு அழுக்குத் திட்டு இருக்கிறதோ அங்கே முதலில் சந்தேகப்படுங்கள். கல் அடிக்கிற கண்டென்ஸர் கீழ் மூலை, ஹோஸும் அலுமினியப் பைப்பும் சேர்கிற கிரிம்ப், கம்ப்ரஸர் முன் சீல், பைப் ஜாயின்ட் ஓ-ரிங், இவைதான் வழக்கமான இடங்கள். இன்னொன்று, கேஸ் அடிக்கிற வால்வு. மூன்று தடவை திறந்து மூடியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் மூடி இரண்டும் இருக்கின்றனவா? சோப்பு நுரையை வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் சைக்கிள் வால்வு அளவு சாமான் ஒன்றை மாற்றினால் முடிந்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் இப்படி ஒரு வால்வுக்காக வருடக்கணக்கில் கேஸ் போட்டவர்கள் உண்டு.

வெளியே எங்கும் தெரியவில்லை என்றால் கூலிங் காயில். உங்கள் வயது பிக்கப்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. தூசியெல்லாம் காயிலிலேயே படிந்து, ஈரத்தோடு ஊறி அலுமினியத்தை அரித்துவிடும். ஏசி தண்ணீர் சொட்டுகிற குழாய் வாயில் லீக் டிடெக்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி நிறுத்தி, நுரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். பஞ்சர் கடைக் காற்றை ஏற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஈரம் உள்ளே போய்விடும். வெல்டிங் ஆக்ஸிஜனை எடுத்தால் அந்த இடத்தை விட்டே விலகுங்கள். ஆயிலோடு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். லீக்கை அடைக்கிறோம் என்று டப்பாவில் விற்கிற திரவத்தையும் ஊற்றவிடாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும், அடுத்த கடைக்காரர் மெஷினையும் கெடுக்கும்.

லீக் அடைத்த பிறகு ட்ரையரை மாற்றுங்கள், ஓ-ரிங் புதிது போடுங்கள், குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு, பம்பை நிறுத்தி முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் தராசில் வைத்து எடைக்குக் கேஸ் போடச் சொல்லுங்கள். பானெட் அடியில் ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை கிராம் என்று. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் உங்கள் மாடல் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இந்த அளவு வண்டிகளுக்கு 450 முதல் 700 கிராமுக்குள் வரும், 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். ஆயில் விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்று தடவை லீக்கோடு ஆயிலும் போயிருக்கிறது, மூன்று தடவையும் யாரும் ஆயில் விட்டிருக்க மாட்டார்கள். இப்படியே போனால்தான் அந்தக் கம்ப்ரஸர் நிஜமாகவே பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஸர் மேல் எந்த பிஏஜி ஆயில் என்று எழுதியிருக்கும், அதே தரம்தான் விட வேண்டும்.

கேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். சமையல் கேஸைக் கலந்து அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். குளிரும், நன்றாகவே குளிரும். கூலிங் காயில் உங்கள் முழங்காலுக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, அங்கே லீக் ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போலி கேஸ் இன்னும் மோசம். 2011இல் வியட்நாமில் கேஸ் அடித்துக்கொண்டு வந்த சில ரீஃபர் கன்டெய்னர்கள் (குளிரூட்டிய சரக்குப் பெட்டிகள்) துறைமுகங்களில் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது, அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற பொருளாக மாறியிருந்தது. சீல் உடைக்காத டின் அல்லது சிலிண்டரைக் கண்ணால் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள்.

பிரஷர் எல்லாம் சரியாக இருந்தும் வென்ட்டில் குளிர் இல்லையென்றால், குளிர்ந்த காற்றில் வேறு எங்கிருந்தோ சூடு கலக்கிறது. ஹீட்டர்தான் முதல் சந்தேகம். நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை, கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருக்கும், வெந்நீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஹீட்டருக்குப் போகிற ஹோஸைக் கிளாம்ப் போட்டுச் சற்று நேரம் நெரித்துப் பாருங்கள். வென்ட் காற்று இறங்கினால் குற்றவாளி அதுதான். வென்ட்டிலிருந்து கறுப்பு ஸ்பான்ஞ்சுத் துணுக்கு பறந்து வந்து மடியில் விழுகிறதா? உள்ளே இருக்கிற கதவுகளின் ஸ்பான்ஞ்சு உதிர்ந்துவிட்டது, அதனால் வெளிக் காற்றும் ஹீட்டர் காற்றும் கலக்கின்றன. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு காற்றின் வேகமே குறைந்து, ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் ப்ளோயரை மட்டும் விட்டதும் சரியாகிறது என்றால் காயிலில் ஐஸ் கட்டுகிறது, தெர்மோஸ்டாட் சென்சாரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, அதனால் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

டிரைவருக்கு ஏசி எதற்கு என்று கேட்கிற காலமெல்லாம் போய்விட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம். 3.5 டன்னுக்கு உட்பட்ட பிக்கப்புக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான். செலவு செய்யத் தயங்க வேண்டாம், வரிசைப்படி செய்யுங்கள்: முன்பக்கச் சுத்தம், ஃபேன் கிளட்ச், லீக், ட்ரையரோடு சேர்த்து எடைக் கேஸ். இத்தனைக்குப் பிறகும் 65க்கு 140 என்று கேஜ் காட்டினால் அப்போது கம்ப்ரஸர் மாற்றுங்கள், நானே சொல்கிறேன். மாற்றும்போது பழைய கம்ப்ரஸரின் ஆயிலைக் கவிழ்த்துப் பாருங்கள். வெள்ளித்தூள் மின்னினால் லைனைக் கழுவாமல் புதிய கம்ப்ரஸரை மாட்டக் கூடாது, கண்டென்ஸரும் மாற்ற வேண்டிவரும்.

கடைசியாக உங்கள் நண்பர் சொன்ன எக்ஸ்ட்ரா ஃபேன். தப்பான யோசனை இல்லை. மார்க்கெட் வரிசையிலேயே பாதி நாள் நிற்கிற வண்டிக்கு அது உதவும். ஆனால் அழுக்கை எடுக்காமல், செத்துப்போன ஃபேன் கிளட்ச்சை மாற்றாமல் வைத்தால், அதே அடைப்புக்கு முன்னால் இன்னொரு ஃபேன் சும்மா கத்திக்கொண்டிருக்கும். ஓடும்போது எதிர்காற்றையும் கொஞ்சம் மறைக்கும். வைப்பதாக இருந்தால் கிளட்ச் ஒயரிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கவிடாதீர்கள். தனி ரிலே, தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் என்று கேளுங்கள். கண்டென்ஸரின் குழாய் வழியாகப் பிளாஸ்டிக் டேக் குத்தி ஃபேனைக் கட்டுகிறார்கள், அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் அதுவே ஓட்டை போடும். பிராக்கெட் அடித்து பாடியில் போல்ட் போடச் சொல்லுங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் திருப்பிச் சுற்றும். முன்னால் வைத்த ஃபேன் காற்றை என்ஜின் பக்கம் தள்ளுகிறதா என்று ஒரு தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.